எல்கேஜி வாசலில் நம் பிள்ளைகள்: தேர்வு யாருக்கு?

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வேகமாக வந்து, ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஹஜ்ரத், திங்கக்கிழமை பாப்பாவுக்கு இன்டர்வியூ. துஆ செய்யுங்க.”

எந்தப் பாப்பா, என்ன வேலை என்று புரியாமல் விழித்தோம். “எல்கேஜிக்கு ஹஜ்ரத்” என்றார். அவர் பக்கத்திலேயே அந்தப் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். வயது மூன்றரை. அத்தாவின் ஜிப்பா நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். “கலர் பேரெல்லாம் இங்கிலீஷ்ல சொல்லணுமாம். ஏ, பி, சி, டி எழுதிக் காட்டணுமாம். எங்க ரெண்டு பேரையும்கூட உட்கார வச்சுப் பேசச் சொல்வாங்களாம். இவ அம்மா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடக்கூட இல்ல.”

துஆ செய்து அனுப்பினோம். பிறகு கேள்விப்பட்டது இதுதான்: அந்த அறையில் குழந்தை வாயே திறக்கவில்லை. அடுத்த வாரம் ‘இடம் இல்லை’ என்று பதில் வந்தது. “எனக்கு இங்கிலீஷ் வராததாலதான் என் பிள்ளைக்கு இப்படி ஆயிருச்சு” என்று அந்தத் தாய் அழுதிருக்கிறார்.

நோன்புப் பெருநாள் உடுப்புத் தைத்த கையோடு, சீருடைக்கு அளவெடுக்கும் காலம் இது. ஜூன் மாதம் நம் வீடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முதன்முதலாகப் பையைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். அவர்களைத் தயார்ப்படுத்துவது என்றால் என்ன என்பதை ஒருமுறை நிதானமாகப் பேசிவிடுவது நல்லது. ஏனெனில் இப்போது நடப்பதில் பெரும்பகுதி தயாரிப்பு அல்ல, பயம்.

வயதிலிருந்தே குழப்பம்

2020 ஜூலையில் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, 3 முதல் 8 வயது வரையிலான ஐந்தாண்டுகளை ஒரே அடித்தளக் கட்டமாக வகுத்தது. முதல் வகுப்பில் சேர 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களை வலியுறுத்தி வருகிறது. கேந்திரிய வித்யாலயாக்களில் 2022–23 முதலே இது நடைமுறையில் உள்ளது. தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. இங்கே 5 வயது நிறைந்தால் முதல் வகுப்பு என்ற பழைய நடைமுறையே தொடர்கிறது.

இதனால் ஒரே தெருவில் ஒரு பிள்ளை மூன்று வயதில் எல்கேஜி போகிறது, எதிர்வீட்டுப் பிள்ளை நாலில் போகிறது. உடனே நம் வீட்டில் “நம்ம பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சே” என்ற புலம்பல் தொடங்குகிறது. ஒன்றும் போகவில்லை. மூன்று வயதை இப்போதுதான் தொட்ட குழந்தைக்கு ஓராண்டு பொறுப்பது நஷ்டமே அல்ல. அந்த வயதில் ஓராண்டு என்பது பேச்சிலும் நடையிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அரசியலில் மோதிக்கொள்ளும் மத்திய அரசும் மாநில அரசும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன என்பதை நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ் கற்பது விளையாட்டின் வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கொள்கை. எழுத்தும் எண்ணும் பிழையின்றி வருவதற்கு மத்திய அரசின் ‘நிபுண் பாரத்’ திட்டம் வைத்திருக்கும் எல்லை மூன்றாம் வகுப்பு. 2022 ஜூனில் தமிழ்நாடு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் தொடக்கத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகவே வந்தது. அதாவது எட்டு வயதுக்குள் வந்தால் போதும் என்று இரண்டு அரசுகளும் சொல்லும் ஒன்றை, மூன்றரை வயதில் எழுதிக் காட்டச் சொல்கிறது அந்த எல்கேஜி வாசல்.

நேர்காணலும் சட்டமும்

குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவில் சொல்கிறது. மீறினால் முதல் முறை 25 ஆயிரம் ரூபாய், அடுத்து ஒவ்வொரு முறையும் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் ‘குழந்தை’ என்று வரையறுப்பது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களை. இந்த இடைவெளியில்தான் எல்கேஜி நேர்காணல்கள் நடந்துகொண்டிருக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்யக் கூடாத ஒன்றை மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்யலாம் என்பது விந்தையான நியாயம்.

அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறது. கட்டணத்தை அரசு செலுத்தும். பள்ளியில் எல்கேஜி இருந்தால் அந்த ஒதுக்கீடு எல்கேஜியிலிருந்தே தொடங்குகிறது. நலிவுற்ற பிரிவுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்கள் நம் மஹல்லாக்களிலேயே இருக்கின்றன.

கடந்த கல்வியாண்டில் இந்தச் சேர்க்கை என்ன பாடுபட்டது என்பதை மறக்க முடியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழகத்துக்கு வரவேண்டிய 2 ஆயிரத்து 100 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நிதியை, கல்விக் கொள்கைத் தகராறில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. கோடையில் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பலர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருந்தார்கள். இரண்டு அரசுகளின் சண்டையில் நான்கு மாதம் காத்திருந்தவர்கள் மூன்று வயதுப் பிள்ளைகள். ஆகவே இந்த ஒதுக்கீட்டை நம்பியிருக்கும் குடும்பங்கள் அறிவிப்பு வரும்வரை சும்மா இராமல், பிறப்புச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நம்மை நோக்கியும் ஒரு கேள்வி இருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் சரித்தன்மையில் ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறது. முடிவு எப்படி வந்தாலும் வரட்டும். சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக, நம் சமுதாயப் பணத்தில் எழுந்த பள்ளிகள் நம் மஹல்லாவின் ஆட்டோ ஓட்டுநர் பிள்ளைக்கும், கணவனை இழந்த பெண்ணின் பிள்ளைக்கும் எத்தனை இடம் கொடுக்கின்றன? நிர்வாகிகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

பள்ளிக்கு நாம் வைக்க வேண்டிய தேர்வு

நம் பெற்றோர்கள் பள்ளியைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையின் குளிர்சாதனத்தையும் சுவரில் ஒட்டிய மதிப்பெண் பட்டியலையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக்குக் கீழே கருகிய 94 குழந்தைகளை இந்த மாநிலம் மறக்காது. 2012 ஜூலையில் சென்னையை அடுத்த பகுதியில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி உயிரிழந்தாள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி படித்த பிஞ்சு, கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்துபோனாள். இந்தப் பிள்ளைகளில் எவருக்கும் ஆங்கிலம் தெரியாததால் ஆபத்து வரவில்லை. கூரையையும் தளத்தையும் தொட்டி மூடியையும் பெரியவர்கள் பார்க்காததால் வந்தது.

ஆகவே பள்ளிக்குப் போனால் கழிவறையைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் வருகிறதா, குழந்தை தானே எட்டித் திறக்கும் உயரத்தில் குழாய் இருக்கிறதா, கழுவிவிட ஆயா இருக்கிறாரா என்று பாருங்கள். தொட்டிகள் கனமான மூடியால் மூடப்பட்டுள்ளனவா? வெளிக்கதவில் ஆள் இருக்கிறாரா? பிள்ளையை யார் வந்து கேட்டாலும் அனுப்பிவிடுவார்களா? எல்கேஜி வகுப்பு எந்த மாடியில்? ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள்? அடிப்பார்களா? வேனில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், ஏற்றி இறக்க உதவியாளர் உண்டா? இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது எரிச்சலடையும் பள்ளி, உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எரிச்சல்தான் அடையும்.

கட்டணத்தையும் கேளுங்கள். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி அமைந்த குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை எவ்வளவு என்று கேட்பதும், கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேட்பதும் உரிமை. நாம் அறிந்த சில வீடுகளில் எல்கேஜி கட்டணத்துக்காக மனைவியின் வளையல் வட்டிக்கடைக்குப் போயிருக்கிறது. பிள்ளையின் முதல் எழுத்தை வட்டிப் பணத்தில் தொடங்கி வைக்கிறோமே என்ற உறுத்தல்கூட இல்லாத அளவுக்கு அந்த ‘நல்ல பள்ளி’ மீதான மோகம் நம்மை மறக்கடித்துவிட்டது.

பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் மையங்கள் உள்ளன. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளும் தொடங்கப்பட்டன. 2022-இல் அவற்றைக் கைவிடும் பேச்சு எழுந்து, பெற்றோர்களின் எதிர்ப்புக்குப் பின் தொடர்கின்றன. எல்லா மையமும் நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் போய்ப் பார்க்காமலே ‘அது இல்லாதவங்க அனுப்புற இடம்’ என்று ஒதுக்குகிறோம். நாமும் பால்வாடியில் மணலில் விளையாடி, மதியம் சோறு தின்று, பாயில் படுத்துத் தூங்கி வந்தவர்கள்தான். பிறகு மதரஸாவும் கல்லூரியும் நம்மை ஏற்றுக்கொள்ளத்தான் செய்தன.

வீட்டில் செய்ய வேண்டியவை

இனி குழந்தைக்கு வருவோம். பள்ளி திறக்க இருக்கும் இந்தச் சில வாரங்களில் பென்சிலைக் கையில் திணிப்பதைவிடப் பயனுள்ள வேலைகள் நிறைய இருக்கின்றன.

முதலாவது தூக்கம். ரமளானில் ஸஹர்வரை விழித்திருந்து பழகிய வீடுகளில் பிள்ளைகளும் நடுநிசிவரை ஓடிக்கொண்டிருந்தார்கள். அடுத்து கோடை விடுமுறை வந்துவிடுகிறது. ஜூன் முதல் நாள் காலை ஏழு மணிக்குத் திடீரென்று எழுப்பினால் குழந்தை அழாமல் என்ன செய்யும்? மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்போதிருந்தே நாலு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். இஷா முடிந்ததும் விளக்கணையும் வீடாக நம் வீடு மாறினால், அது பெரியவர்களின் ஃபஜ்ருக்கும் நல்லது.

இரண்டாவது கழிவறை. பள்ளி தொடங்கிய மாதங்களில் நம் பிள்ளைகள் படும் பெரிய அவஸ்தை இதுதான். சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்து, வீட்டுக்கு வந்ததும் ஓடுகிறார்கள், அல்லது வகுப்பிலேயே நனைத்துக்கொண்டு கூனிக்குறுகுகிறார்கள். வந்தால் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். வீட்டில் நீங்கள் சொல்லும் வார்த்தை ஆசிரியைக்குப் புரியாமல் போகலாம். அதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பொத்தானும் பெல்ட்டும் வேண்டாம், இழுத்தால் இறங்கும் எலாஸ்டிக் உடுப்பே போதும். தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்துகொள்ளவும், பிறகு கைகழுவவும் கற்றுக்கொடுப்பதே இந்த வயதுக்கான தஹாரத் பாடம்.

இதோடு சேர்த்து இன்னொன்று. கழுவிவிடும் அம்மாவையும் ஆயாவையும், அம்மா பக்கத்தில் இருக்க மருத்துவரையும் தவிர வேறு யாரும் மறைவிடங்களைத் தொடக் கூடாது, தொட்டால் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அம்மா திட்ட மாட்டாள் என்பதைக் குழந்தைக்குப் புரியும் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஹயாவின் பெயரால் இதைப் பேசாமல் விடுவது பிள்ளையைக் காப்பாற்றாது. ஏதாவது நடந்ததாகச் சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்த நேரமும் இயங்குகிறது.

மூன்றாவது உணவு. செல்போனைக் கண்முன் வைத்து, வாய் திறக்கும் நேரத்தில் சோற்றைத் தள்ளும் பழக்கம் நம்மில் பல வீடுகளில் உண்டு. எல்கேஜியில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் யார் ஊட்டிவிடுவார்கள்? டப்பாவைத் திறக்கவும் மூடவும், தண்ணீர் பாட்டிலைத் திருகவும், தானே எடுத்துச் சாப்பிடவும் இப்போதே பழக்குங்கள். கொஞ்சம் சிந்தட்டும். நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டில் வளர்ந்த சிறுவர் உமர் பின் அபீஸலமா (ரலி) அவர்களின் கை தட்டெங்கும் அலைந்தபோது அதட்டவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலது கையால், தனக்கு முன்னால் இருப்பதை எடுத்துச் சாப்பிடு என்று பக்கத்தில் அமர்த்திச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சிறுவர் வாழ்நாள் முழுக்க அப்படியே சாப்பிட்டதாகத் தாமே அறிவிக்கிறார்கள்.

நான்காவது கைவிரல். எழுதுவதற்கு முன்னால் விரல்களுக்கு வலு வேண்டும். அதற்கு நோட்டுப் புத்தகம் தேவையில்லை. சப்பாத்தி மாவை உருட்டட்டும், பூண்டு உரிக்கட்டும், பட்டாணி தோலுரிக்கட்டும், துணி கிளிப்பை மாட்டட்டும். வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கச் சொன்னால் அதுவே கணக்கு. இந்த வயதுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலே.

ஐந்தாவது காதும் பேச்சும். மூன்று வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்றால், ‘அவன் அத்தாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று தள்ளிப்போட வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இதற்கென ஆரம்ப நிலைச் சிகிச்சை மையங்கள் உள்ளன. காட்டிவிடுவது வெட்கமில்லை, காட்டாமல் விட்டுப் பள்ளியில் ‘மக்கு’ என்ற பெயர் வாங்க வைப்பதுதான் பிள்ளைக்கு நாம் செய்யும் அநீதி.

பொய் சொல்லிப் பிரியாதீர்கள்

முதல் நாள் காலையில் பள்ளி வாசல்களில் நடப்பதைப் பார்த்திருக்கிறோம். “அம்மா இங்கேயே நிக்கிறேன், நீ போ” என்று சொல்லிவிட்டு, குழந்தை திரும்பிய நொடியில் ஓடி மறைகிறார்கள். “பிஸ்கட் வாங்கிட்டு வர்றேன்” என்று போனவர் மதியம்தான் வருகிறார். திரும்பிப் பார்த்த குழந்தைக்கு அந்த இடத்தில் அம்மா இல்லை. அன்றைக்கு அது கற்றுக்கொண்ட முதல் பாடம், அம்மாவின் வார்த்தையை நம்ப முடியாது என்பது. மறுநாள் அது கைவிடாமல் கழுத்தைக் கட்டிக்கொள்வதில் என்ன வியப்பு?

அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறார்கள். அவருடைய தாயார், “வா, ஒன்று தருகிறேன்” என்று அவரை அழைத்தார்கள். அங்கே இருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன தர நினைத்தாய் என்று விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். எதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்று எச்சரித்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி. ஒரு பேரீச்சம்பழத்துக்கே இந்தக் கணக்கு என்றால், பள்ளி வாசலில் நாம் சொல்லும் பொய்களுக்கு என்ன கணக்கு?

உண்மையைச் சொல்லுங்கள். “அம்மா வீட்டுக்குப் போறேன். நீ விளையாடி, சாப்பிட்டு, பாட்டுப் பாடி முடிச்சதும் வந்து கூட்டிட்டுப் போவேன்.” குழந்தைக்குப் பன்னிரண்டரை மணி தெரியாது, சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் தெரியும். ஸலாம் சொல்லி, ஒரு முத்தம் கொடுத்து, சிரித்த முகத்தோடு கிளம்புங்கள். நீண்ட வழியனுப்பல் வேண்டாம். நம் கண் கலங்கினால் அது பயப்பட வேண்டிய இடம் என்று குழந்தை புரிந்துகொள்ளும். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வாசலில் நில்லுங்கள். முதல் இரண்டு வாரம் இதில் தவறவே கூடாது.

இதற்கு வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். நன்னி வீட்டில் அரை மணி நேரம் விட்டுச் சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வாருங்கள். அடுத்த வாரம் ஒரு மணி நேரம். பள்ளி இருக்கும் தெரு வழியே சாயங்காலம் நடந்துபோய்க் கதவைக் காட்டுங்கள். வளைகுடாவில் இருக்கும் அத்தாக்கள் முதல் நாள் காலை அழைத்து ‘அழக் கூடாது’ என்று உத்தரவு போட வேண்டாம். இரவில் அழைத்து, இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், என்ன பாட்டு என்று கேளுங்கள். இதையெல்லாம் தனியாளாகச் சமாளிக்கும் தாய்க்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

அப்படியும் குழந்தை அழும். அழுகை குற்றமல்ல. தொழுகையை நீட்ட நினைத்து நின்ற நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கினார்கள். ஒரு குழந்தையின் அழுகைக்காகத் தொழுகையே சுருங்கியிருக்கிறது. நம் பள்ளிகளின் கால அட்டவணை கொஞ்சம் சுருங்கினால் என்ன? முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று படிப்படியாகக் கூட்டும்படி பெற்றோர்கள் சேர்ந்து கேட்கலாம்.

எழுத்து கொஞ்சம் காத்திருக்கட்டும்

பிள்ளைகளுக்கு ஏழு வயதில் தொழுகையை ஏவுங்கள் என்பது நபிமொழி. மார்க்கத்தின் தூணாகிய தொழுகைக்கே ஏழு வயதுவரை அவகாசம் தந்த மார்க்கம் நம்முடையது. அதற்கு முன் குழந்தை நம் பக்கத்தில் நின்று குனிந்து நிமிர்ந்து விளையாடும், நாம் ஸஜ்தாவில் இருக்கும்போது முதுகில் ஏறும். அப்படித்தான் அது கற்கிறது. இந்த மார்க்கத்தைப் பின்பற்றும் வீட்டில், நாலு வயதுப் பிள்ளை ‘பி’யைத் திருப்பி எழுதியதற்காக ஸ்கேல் அடி வாங்குகிறது என்றால் நாம் எங்கே நிற்கிறோம்?

இந்திய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் 4 வயது, 4 மாதம், 4 நாள் ஆனதும் குழந்தைக்கு பிஸ்மில்லாஹ் ஓதி எழுத்தறிவிக்கும் வழக்கம் இருந்தது. அது மார்க்கச் சட்டமல்ல, மரபு. ஆனால் எழுத்துக்கு முன்னால் நாலு வருடம் குழந்தை குழந்தையாகவே இருக்கட்டும் என்ற பெரியவர்களின் நிதானம் அதில் தெரிகிறது.

மொழி விஷயத்திலும் அந்த நிதானம் வேண்டும். ஆங்கிலம் வராத தாய்மார்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. கதை சொல்வதும், சமைக்கும்போது பேசிக்கொண்டே இருப்பதும், ‘ஏன்’ என்று கேட்டால் பதில் சொல்வதும்தான் பிள்ளையின் மொழியை வளர்க்கிறது. அதைத் தாய்மொழியில்தான் மனம் நிறையச் செய்ய முடியும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் சிரமம் உண்டு. வீட்டில் உருது, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும். அந்தப் பெற்றோர்கள் உருதை நிறுத்த வேண்டியதில்லை. தண்ணீர் வேண்டும், வயிறு வலிக்கிறது, கழிவறை போகணும் என்ற நாலைந்து தமிழ் வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்து, வீட்டு மொழி எது என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டால் போதும்.

மக்தப் நடத்தும் நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. காலை எட்டரைக்கு வேன் ஏறிய எல்கேஜி பிள்ளை, மூன்றரைக்கு இறங்கி, டியூஷன் போய், மஃரிபுக்கு மக்தப் வந்து இஷாவரை உட்கார்ந்திருக்கிறது. சொக்கி விழும் பிள்ளையைத் தட்டி எழுப்பி அலிஃப், பே சொல்ல வைத்தவர்களில் நாமும் ஒருவர். இப்போது எங்கள் மக்தபில் ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரை மணி நேரம் மட்டும் வைத்திருக்கிறோம். ஒரு சின்ன சூரா, ஒரு துஆ, நபிமார் கதை ஒன்று, அவ்வளவுதான். ஓடி வருகிறார்கள். இழுத்து வரப்பட்ட காலத்தில் ஓதியதைவிட இப்போது அதிகம் மனனமாகியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

காகிதங்களில் கவனம்

சேர்க்கையின்போது நாம் அலட்சியம் செய்யும் ஒன்று பெயர். பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் மூன்றாவதாக ஒன்று என்று நம் பிள்ளைகளின் பெயர்கள் சிதறிக் கிடக்கின்றன. முஹம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் அலைய வைப்பது இந்த எல்கேஜிப் பதிவுதான். 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டப்படி, அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட்வரை பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. அந்தப் பிள்ளைகள் இதோ பள்ளி வயதைத் தொடப் போகிறார்கள். சான்றில் பெயரே சேர்க்காமல் விட்டவர்கள் உடனே சேருங்கள். ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பிறகு 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம். சீக்கிரம் சேர்ப்பதற்காகப் பிறந்த தேதியை மாற்றிச் சொல்லவே வேண்டாம். அது பொய், பிள்ளையின் வாழ்நாள் முழுக்கத் தொடரும் பொய்.

ஜமாஅத்துகள் இதில் எளிதாக உதவலாம். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, கணினி தெரிந்த இரண்டு இளைஞர்களைப் பள்ளிவாசல் வராந்தாவில் உட்கார வைத்தால் போதும். 25 விழுக்காடு ஒதுக்கீட்டு விண்ணப்பம், சான்றுகளில் பெயர்த் திருத்தம், அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் உள்ள இடங்களின் விவரம் ஆகியவற்றை மஹல்லாவே பார்த்துக்கொள்ளலாம். பெண்களுக்குத் தனியாக ஒரு நாள் வைத்தால் இன்னும் நல்லது.

அந்தப் பாப்பாவின் கதைக்கு வருவோம். இடம் மறுக்கப்பட்ட மறுவாரம் அத்தாவோடு மீண்டும் திண்ணைக்கு வந்தாள். அபூஉமைர் என்ற சிறுவரிடம், அவர் வளர்த்த குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அக்கறையோடு விசாரித்த நிகழ்ச்சி நினைவுக்கு வர, “உங்க வீட்டுல பூனை இருக்காமே?” என்று கேட்டோம். அவ்வளவுதான். பூனை மூன்று குட்டி போட்டது, ஒன்று கறுப்பு, இரண்டு வெள்ளை, கறுப்புக் குட்டிக்குப் பால் கிடைக்கவில்லை, நன்னி பஞ்சில் நனைத்துக் கொடுத்தார் என்று மூச்சு விடாமல் சொன்னாள். நிறமும் எண்ணிக்கையும் இரக்கமும் அந்தப் பேச்சில் இருந்தன. வாய் திறக்கவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை அவள்தான்.

வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள சிறிய பள்ளி ஒன்றில் இப்போது இடம் போட்டிருக்கிறார்கள். நேர்காணல் இல்லை. கழிவறையைப் பார்த்துவிட்டு வந்ததாக அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக்கி, அவர்களின் முதல் அடியை எளிதாக்கி, பயனுள்ள கல்வியை அவர்களுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக. அவர்கள் விஷயத்தில் பொறுமையையும் உண்மையையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.